அழுகையைப் படம் பிடித்தது போதும்

கிராமப்புறக் கருத்தடை முகாம் ஒன்று. பெண்கள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். மருத்துவர் ஒருவரை முடித்த கையோடு அடுத்தவரிடம் போகிறார். இதுவரை எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறேன், ஒவ்வொன்றையும் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறேன் என்று கேமராவைப் பார்த்துப் பெருமையாகச் சொல்கிறார். மேசையில் கிடக்கும் பெண்ணிடம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

அதே படத்தில் வேறோர் இடம். கிராமத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்ணுடலின் உருவத்தைத் தாங்களே வரைந்து, கருப்பை எங்கே இருக்கிறது, மாதவிலக்கு ஏன் வருகிறது, உடலுறவில் தங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று சிரிப்பும் சண்டையுமாகப் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பதற்கு ஒவ்வொருத்தியிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. நிலம், மாமியார், செத்துப்போன குழந்தைகள், முதுமையில் யார் கஞ்சி ஊற்றுவார் என்ற கவலை எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

தீபா தன்ராஜ் 1991-ல் இயக்கிய ‘சம்திங் லைக் எ வார்’ இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. மருத்துவருக்கும் அதிகாரிக்கும் இந்தப் பெண்கள் வெறும் எண்ணிக்கை. வட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கோ சொந்தமாக யோசனையும் நியாயமும் இருக்கின்றன. எது அறிவு, எது அறியாமை என்பதைப் பார்வையாளரே முடிவுசெய்துகொள்ளலாம்.

இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். 1976-77 என்ற ஒரே ஆண்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. 1977 தேர்தலில் அதற்கான பதிலும் கிடைத்தது. அதன்பின் எந்த அரசும் ஆண்கள் பக்கம் போகத் துணியவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டின் சுமை அப்படியே பெண்கள் தலையில் இறங்கியது. மாவட்டத்துக்கு இத்தனை, ஊழியருக்கு இத்தனை என்று இலக்கு வைத்தார்கள். இலக்கை எட்டாத கிராம செவிலியர் பயந்தார். எட்டுவதற்காக அழைத்துவரப்பட்ட பெண்ணுக்கு, தன் உடலில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை யாரும் விளக்கவில்லை.

படம் வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1996-ல்தான் இலக்கு முறை கைவிடப்பட்டதாக அரசு அறிவித்தது. முகாம்கள் அப்போதும் நிற்கவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், ஒரே மருத்துவர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அவர்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் அடுத்த சில நாட்களில் இறந்துபோனார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களையே நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. கால் நூற்றாண்டுக்கு முன் அந்தப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சொன்னதை நாடு காதில் வாங்கிக்கொள்ள அத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது.

இன்றைய நிலவரம் என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் விகிதம் 57.8. நம் வீடுகளில் இரண்டாவது பிரசவத்தோடு ‘அதையும் முடித்துவிடலாம்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சாதாரணத்துக்குள் இருப்பது இதுதான்.

ஒரு படத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்தியப் பெண்களின் வாழ்க்கை குறித்து ஏராளமான ஆவணப்படங்கள் எடுக்கப்படுகின்றன. மகளிர் தினம் வந்தால் தொலைக்காட்சிகள் போட்டி போடுகின்றன. தொண்டு நிறுவனங்கள் ஆண்டறிக்கையோடு ஒரு படத்தையும் சேர்த்தே அனுப்புகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அச்சு. முதலில் ஒரு பெண்ணின் முகம். பின்னணியில் மெல்லிய வயலின். அவர் கதையைச் சொல்லத் தொடங்கி, குரல் உடைந்து, கண்ணீர் வழியும்போது கேமரா இன்னும் நெருங்குகிறது. உடனே கறுப்புத் திரையில் ஒரு புள்ளிவிவரம். பிறகு ஒரு நிபுணர் வந்து காரணங்களை விளக்குகிறார். அழுவது அந்தப் பெண்ணின் வேலை, யோசிப்பது நிபுணரின் வேலை என்று பிரித்துக்கொடுத்தாகிவிட்டது.

இந்தப் பிரிவினையைத்தான் நான் எதிர்க்கிறேன். துன்பப்படுகிற பெண்ணைவிட அந்தத் துன்பத்தைப் பற்றி அதிகம் யோசித்தவர் யாரும் இருக்க முடியாது. அடி வாங்கிய வீட்டிலேயே ஏன் இருக்கிறேன், வெளியே போனால் எங்கே போவேன், பிள்ளைகளை யாரிடம் விடுவேன், காவல் நிலையத்தில் என்ன கேட்பார்கள் என்று ஆயிரம் இரவுகள் தனக்குள் வழக்காடித் தீர்த்தவர் அவர். அந்த வழக்கை, அந்த வாதத்தைப் பதிவு செய்கிற படம்தான் பெண்களைப் பற்றிய படம். கண்ணீரோடு நின்றுவிடுகிற படத்தில் பெண் ஒரு சாட்சியம் மட்டுமே. வழக்கை நடத்துவது வேறு யாரோ.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த அளவுகோல் அல்ல. இந்தியாவில் பெண்ணிய ஆவணப்படம் பிறந்ததே இப்படித்தான். மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் பாலியல் வன்முறைக்கு ஆளான பழங்குடிப் பெண்ணின் வழக்கில் காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதைக் கண்டித்து 1979-ல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய பகிரங்கக் கடிதம் நாடு முழுவதும் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அந்த வேகத்தில், 1980-ல் பெங்களூரில் தீபா தன்ராஜ், ஆபா பையா, மீரா ராவ், ஒளிப்பதிவாளர் நவ்ரோஸ் கான்ட்ராக்டர் ஆகியோர் சேர்ந்து ‘யுகாந்தர்’ என்ற திரைப்படக் கூட்டுக்குழுவைத் தொடங்கினார்கள். 1983-க்குள் நான்கே படங்கள். நான்கும் இன்றைக்குப் பார்த்தாலும் சுடுகின்றன.

முதல் படம் ‘மோல்கரீன்’. புனே நகரில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் 1980-ல் வேலைநிறுத்தம் செய்து, தங்களுக்கென்று சங்கம் கட்டிய கதை. பாத்திரம் தேய்ப்பவர்கள் கூலி உயர்வும் விடுமுறையும் கேட்டுத் தெருவில் நின்றார்கள். ‘எங்கள் வீட்டுப் பெண் மாதிரிதான் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் எசமானியம்மாக்களின் பேச்சுக்கு அந்தப் பெண்கள் வைத்திருந்த பதில், கணக்குப் போட்டுக் காட்டிய கூலி விவரம். இந்த உரிமைகளுக்காக நாடு தழுவிய தனிச்சட்டம் இன்றுவரை இல்லை. தமிழ்நாடு 2007-ல் வீட்டுப் பணியாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது என்பது ஓரளவு ஆறுதல்.

இரண்டாவது, நிப்பாணி. கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்தில் மராத்தி பேசும் ஊர். பீடிப் புகையிலையைப் பக்குவப்படுத்தும் ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் தூசியை உள்ளிழுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்கள் சங்கம் சேர்ந்து போராடியதைத்தான் 1982-ல் வந்த படம் சொல்கிறது. யுகாந்தர் குழுவினர் போன உடனே கேமராவைத் திறக்கவில்லை. அந்தப் பெண்களோடு பழகி, மாதக்கணக்கில் அவர்கள் பேச்சைக் கேட்டு, எதைக் காட்ட வேண்டும் என்பதையும் அவர்களோடு பேசியே முடிவு செய்தார்கள். ஆலைக்குள் எடுத்த காட்சிகள் படத்தில் இருக்கின்றன. புகையிலைத் தூசி புகைபோல எழும்ப, முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பெண்கள் சலிக்கிறார்கள். அந்தக் காட்சியோடு படம் முடிந்திருந்தால் பரிதாபம் மட்டும் மிஞ்சியிருக்கும். படமோ அவர்களோடு சங்கக் கூட்டத்துக்குப் போய் உட்காருகிறது. யார் காட்டிக்கொடுத்தது, வேலைநிறுத்தம் நீண்டால் சோற்றுக்கு என்ன வழி, முதலாளியிடம் யார் போய்ப் பேசுவது என்று அவர்கள் விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற உணர்வு பார்வையாளருக்கு வருகிறது.

மூன்றாவது படம் ஹைதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து, தெலுங்கில், குடும்ப வன்முறை பற்றி. சொந்த அனுபவங்களைப் பேசிப் பேசியே கதையாக்கி எடுத்த படம் அது. வந்த ஆண்டு 1983. கணவன் வீட்டுக் கொடுமையைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு வந்ததும் அதே ஆண்டில்தான். நான்காவது, சிப்கோ இயக்கத்தில் ஒரு மலைக்கிராமத்துப் பெண்ணின் பங்கைச் சொல்லும் ‘சுதேஷா’. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இரண்டு படங்களை ஒப்பிட்டால் நான் சொல்லவருவது இன்னும் தெளிவாகும். கொல்கத்தாவின் சோனாகாச்சி. பாலியல் தொழிலாளர்கள் வாழும் பகுதி. அங்கே எடுக்கப்பட்ட ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’ 2005-ல் ஆஸ்கர் விருது பெற்றது. வெளிநாட்டிலிருந்து வந்த புகைப்படக் கலைஞர் ஒருவர் அந்தப் பகுதிக் குழந்தைகளுக்குக் கேமரா கொடுத்துப் படமெடுக்கக் கற்றுத்தருகிறார். அவர்களை அங்கிருந்து மீட்கப் பாடுபடுகிறார். குழந்தைகள் மனதை அள்ளுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள்? திட்டுபவர்களாகவும், பிள்ளைகளின் எதிர்காலத்துக்குக் குறுக்கே நிற்பவர்களாகவுமே பெரும்பாலும் வருகிறார்கள். அதே சோனாகாச்சியில் தொழிலாளர்கள் தாங்களே கட்டிய தர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற அமைப்பு 1995 முதல் இயங்கிவந்தது. ஆணுறை இல்லாமல் வாடிக்கையாளரை ஏற்பதில்லை என்று கூட்டாக முடிவெடுத்து எய்ட்ஸ் பரவலைக் கட்டுப்படுத்தியவர்கள் அவர்கள். சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் நடத்தினார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஆஸ்கர் வாங்கிய படத்தில் இவற்றுக்கு இடமில்லாமல் போனது. தர்பார் அமைப்பினர் அந்தப் படத்தை வெளிப்படையாகவே விமர்சித்தார்கள்.

அதற்கு முன்பே, 2002-ல், ஷோஹினி கோஷ் அதே சோனாகாச்சியில் ‘டேல்ஸ் ஆஃப் தி நைட் ஃபேரீஸ்’ என்ற படத்தை எடுத்திருந்தார். அதில் பாலியல் தொழிலாளர்களே கதைசொல்லிகள். இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தேன், வேறு என்ன வேலை பார்த்தேன், அதில் என்ன கூலி, எந்த வேலையில் எந்த மேஸ்திரி எப்படி நடந்துகொண்டான் என்று பேசுகிறார்கள். காதலைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் பேசுகிறார்கள். பாலியல் தொழிலைத் தொழிலாக ஏற்பதா கூடாதா என்ற கேள்வியில் எனக்கே இன்னும் தீராத சந்தேகங்கள் உண்டு. பெண்ணிய இயக்கத்துக்குள்ளும் அந்த விவாதம் முடியவில்லை. ஆனால் அந்த விவாதத்தை அவர்கள் இல்லாமல் நடத்த முடியாது என்பதை அந்தப் படம் எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது. பாலியல் தொழிலாளர்களைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று காவல்துறைக்கு உச்ச நீதிமன்றம் 2022-ல்தான் உத்தரவிட்டது.

இதிலிருந்து, நம்மவர் எடுத்தால் சரி, வெளிநாட்டவர் எடுத்தால் தவறு என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். பெண் இயக்கினால் போதும் என்பதும் இல்லை. ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தின் இயக்குநர்களில் ஒருவர் பெண்தான். தமிழில் இந்தத் தடத்தில் முக்கியமான படங்களில் ஒன்றை எடுத்த ஆர்.பி.அமுதன் ஆண். 2003-ல் வந்த அவருடைய ‘பீ’, மதுரையில் திறந்தவெளிக் கழிப்பிடமாகிவிட்ட ஒரு தெருவைத் தினமும் கையால் சுத்தம் செய்யும் பெண் தொழிலாளி ஒருவரின் வேலை நேரத்தைக் காட்டுகிறது. அரை மணி நேரம்கூட ஓடாத படம். கேமரா அவரோடு நடக்கிறது. அவர் வேலை செய்துகொண்டே பேசுகிறார், கோபப்படுகிறார், தன் வாழ்க்கையைச் சொல்கிறார். இசையும் இல்லை, நிபுணரும் இல்லை. பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைக்கும்போது, அவருக்கு அப்படித் திருப்பிக்கொள்ள வழியில்லை என்பது உறைக்கிறது.

தமிழகத்தில் எடுக்கப்பட்டவற்றில் நான் எல்லோரிடமும் பார்க்கச் சொல்லும் படம், தீபா தன்ராஜின் ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’. 2011-ல் வந்தது. களம் புதுக்கோட்டை. தாவூத் ஷரீஃபா கானம் நடத்திய ஸ்டெப்ஸ் அமைப்பிலிருந்து 2004-ல் உருவான தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் பற்றிய படம் அது.

ஊர் ஜமாஅத்தில் ஆண்கள் மட்டுமே உட்காருவார்கள். தலாக், மஹர், ஜீவனாம்சம், பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்று ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கையையும் அங்கேதான் முடிவு செய்வார்கள். அந்தப் பெண் மட்டும் அங்கே வரக் கூடாது. அவள் சார்பில் அப்பாவோ அண்ணனோ போவார்கள். இந்த ஏற்பாட்டை எதிர்த்து வெளியேறிய பெண்கள் மதத்தைத் தூக்கி எறியவில்லை. நாங்களும் ஜமாஅத்தான் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஒரு முடிவில் எவ்வளவு துணிச்சல் இருந்தது என்பது ஊர்க்கட்டுப்பாடு என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குப் புரியும்.

படத்தின் பெரும்பகுதி விசாரணைதான். மனுக் கொடுத்த பெண் பேசுகிறாள். சுற்றி இருக்கும் பெண்கள் குறுக்குக் கேள்வி கேட்கிறார்கள். நகை எவ்வளவு, யார் கையில் கொடுத்தீர்கள், சாட்சி யார்? அவள் தரப்பில் ஓட்டை இருந்தால் அதையும் விடுவதில்லை. மறுதரப்பை வரவழைக்கிறார்கள், வராவிட்டால் துரத்திப் பிடிக்கிறார்கள், தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் போகிறார்கள். ‘குர்ஆனில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்’ என்ற தொனியில் அவர்கள் வாதாடும்போது, மார்க்கம் ஆண்களின் தனிச்சொத்து என்ற நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான வழக்குகளை அவர்கள் பேசி முடித்திருக்கிறார்கள்.

முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தபோது தொலைக்காட்சி விவாதங்கள் எப்படி நடந்தன என்பது நினைவிருக்கும். ஒரு பக்கம், முஸ்லிம் பெண்களை மீட்கக் கிளம்பியவர்கள். மறுபக்கம், சமூகத்தின் பெயரால் அவர்களை வாய்மூடச் சொன்னவர்கள். இரண்டு தரப்புக்கும் அந்தப் பெண்கள் வாயில்லாப் பூச்சிகள். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே புதுக்கோட்டைப் பெண்கள் அந்த விவாதத்தை அதைவிட நுட்பமாக, நேர்மையாக நடத்தி முடித்திருந்தார்கள், படமாகவும் பதிவாகியிருந்தது. நம் ஊரில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்தோம்? வெளிநாட்டுப் பல்கலைக்கழக வகுப்பறைகளில் அது பாடமாகிறது. புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்த கல்லூரி மாணவிக்கு அப்படியொரு படம் இருப்பதே தெரியவில்லை.

லீனா மணிமேகலையின் ‘தேவதைகள்’ இன்னொரு வகை. ஒப்பாரி பாடுபவர், கடலுக்குப் போகும் மீனவப் பெண், அநாதைப் பிணங்களைப் புதைப்பவர் என்று மூன்று பெண்கள். கடலிலும் இடுகாட்டிலும் பெண்ணுக்கு வேலையில்லை என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்க, அங்கேயும் சாவீட்டிலும் நின்று பிழைப்பவர்கள். அவர்களில் யாரும் பரிதாபத்தைக் கேட்கவில்லை. மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவில் 2008-ல் அந்தப் படம் தங்கச் சங்கு விருது பெற்றது.

‘அழுகை வேண்டாம் என்கிறீர்களே, பார்ப்பவர் மனம் இளகினால்தானே ஏதாவது மாறும்?’ என்று ஒரு தொண்டு நிறுவன நண்பர் என்னிடம் வாதிட்டார். மனம் இளகி என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நன்கொடை வருகிறது. அந்த நன்கொடைக்குக் கணக்குக் காட்ட அடுத்த படம் எடுக்கப்படுகிறது. அதில் தையல் மிஷினோடு ஒரு பெண் சிரிக்கிறார். முதல் படத்தில் பாதிக்கப்பட்டவர், இரண்டாம் படத்தில் பயனாளி. இரண்டிலும் அவர் பேசியது அவருடைய பேச்சல்ல. நிலம் யார் பெயரில் இருக்கிறது, கடனை எப்படி அடைக்கிறாய், தைத்த ரவிக்கைக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அழுகையைக் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாழ்க்கையில் அழுகை உண்டு. அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லும்வரை கேமரா அணையாமல் இருக்க வேண்டும். அந்த அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கப் பொறுமை வேண்டும், காசு வேண்டும், அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டும்.

தங்களைப் பற்றி எடுத்த படத்தோடேயே பெண்கள் வாதாடியதும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பாந்தா, சித்திரகூடம் பகுதியில் தலித் பெண்கள் முன்னின்று 2002 முதல் நடத்திவரும் செய்தி நிறுவனம் ‘கபர் லஹரியா’. அவர்களைப் பற்றி ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் எடுத்த ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் இந்திய முழுநீள ஆவணப்படம் அதுதான். விருது விழாவுக்குச் சில நாட்களுக்கு முன், 2022 மார்ச்சில், கபர் லஹரியா ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் வலிமையானது, ஆனால் ஒரே கட்சியைப் பற்றியே நாங்கள் எழுதிக்கொண்டிருப்பதுபோல் காட்டுவது சரியல்ல, எங்கள் வேலை அதைவிட விரிவானது என்றார்கள். நன்றிகெட்டவர்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த அறிக்கை பெருமையாக இருந்தது. படம் நல்ல படம்தான், இரண்டு முறை பார்த்தேன். அதில் வரும் பெண்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு அந்த அறிக்கையைவிடச் சிறந்த சான்று படத்திலேயே இல்லை.

அதிகாரத்துக்குக் கண்ணீர்ப் படங்களோடு எந்தப் பிரச்சினையும் இல்லை. வாதம் செய்யும் படங்களோடுதான் பிரச்சினை. கே.ஏ.அப்பாஸ் 1968-ல் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், டெல்லி என நான்கு நகரங்களின் ஏழை பணக்கார வேற்றுமையைச் சொல்லும் சிறிய ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சிகளை வெட்டச் சொன்னது தணிக்கைக் குழு. அப்பாஸ் உச்ச நீதிமன்றம் போனார். விசாரணையின்போதே அரசு இறங்கிவந்து வெட்டில்லாமல் சான்றிதழ் தர ஒப்புக்கொண்டது. ஆனால் முன்தணிக்கை என்ற ஏற்பாடே சரிதானா என்ற கேள்விக்கு, சரிதான் என்று 1970-ல் தீர்ப்பு வந்தது. இன்றைக்கும் திரைப்படத் தணிக்கை நிற்பது அந்தத் தீர்ப்பின் மேல்தான். ராஜஸ்தானின் தேவ்ராலாவில் 1987-ல் நடந்த உடன்கட்டைச் சம்பவத்தையும் ஆண்மை பற்றிய கற்பிதங்களையும் கேள்விக்குள்ளாக்கிய ஆனந்த் பட்வர்தனின் படத்துக்குத் தேசிய விருதுகள் கிடைத்தன. தூர்தர்ஷன் அதை ஒளிபரப்ப மறுத்தது. பத்தாண்டு இழுபறிக்குப் பின், 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே ஒளிபரப்ப வேண்டியதாயிற்று.

நம் மாநிலமும் விதிவிலக்கில்லை. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ 2017-ல் வந்தது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 2013 சட்டம் தடைசெய்த பிறகும் அது எப்படித் தொடர்கிறது என்பதைத் தமிழ்நாடு முழுக்க அலைந்து பதிவு செய்த படம். அதில் பேசுபவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். கையுறை கொடுத்தார்களா, சம்பளம் எவ்வளவு, மற்றவர்களின் மாதவிலக்குத் துணியைக் கையால் அள்ளும்போது என்ன தோன்றும், எந்தச் சாதிக்காரர்களை மட்டும் இந்த வேலைக்கு எடுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். பல ஊர்களில் காவல்துறை திரையிடலைத் தடுத்தது. இயக்குநர் மீது வழக்குகள் போடப்பட்டன, மிரட்டல்கள் வந்தன. கடைசியில் யூடியூபில் வெளியிட்டார், லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அரங்கில் கூடிப் பார்த்து, முடிந்ததும் எழுந்து நின்று பேசும் வாய்ப்புதான் பறிபோனது. கைப்பேசியில் தனியாகப் பார்த்து வருந்திவிட்டு அடுத்த காணொளிக்குத் தள்ளிவிடுவதும், தூய்மைப் பணியாளர் பக்கத்து இருக்கையில் இருக்க, நகராட்சி அதிகாரி முன்வரிசையில் இருக்க, படத்தைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

யுகாந்தரின் படங்கள் இன்று நமக்குக் காணக் கிடைப்பதற்கு பெர்லினில் உள்ள அர்சனால் என்ற திரைப்பட நிறுவனம் அவற்றைச் செப்பனிட்டு டிஜிட்டலாக்கியதே காரணம். நிப்பாணிப் பெண்களின் குரலை ஜெர்மனி பாதுகாக்க வேண்டியிருந்தது என்பது நமக்குத் தலைகுனிவு. 1948-ல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. நூற்றுக்கணக்கான சுயாதீன ஆவணப்படங்களுக்கு, குறிப்பாகப் பெண் இயக்குநர்களுக்கு, பண உதவி செய்த பொது ஒளிபரப்பு அறக்கட்டளையின் படங்கள் எத்தனை தமிழில் கிடைக்கின்றன?

தமிழ்நாடு அரசுக்குச் செய்ய முடிந்த ஒரு வேலை இருக்கிறது; பெரிய செலவும் இல்லை. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் அரங்குகள் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகங்களில் கூடங்கள் இருக்கின்றன. இந்தப் படங்களின் திரையிடல் உரிமையை இயக்குநர்களிடம் முறையாகப் பணம் கொடுத்து வாங்கி, தமிழில் துணைத்தலைப்பு போட்டு, மாதம் ஒரு படமாவது திரையிடலாம். முதல் படமாக ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ படத்தைப் புதுக்கோட்டையிலேயே போடலாம். ‘மோல்கரீன்’ படத்தைப் போடும் நாளில் வீட்டுப் பணியாளர் நலவாரிய உறுப்பினர்களை அழைத்து முன்வரிசையில் உட்காரவைக்கலாம். படம் முடிந்ததும் மைக்கை முதலில் அவர்களிடம் கொடுக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அரசு தொடங்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. யுகாந்தரின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, ‘கக்கூஸ்’ யூடியூபில் இருக்கிறது. உங்கள் ஊர் நூலகரிடம், பிள்ளை படிக்கும் கல்லூரியின் முதல்வரிடம், தொழிற்சங்க அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். ஒரு புரொஜெக்டரும் வெள்ளைச் சுவரும் போதும். வீட்டில் வேலை செய்யும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.